ஐந்தாவது கூவலுக்குப் பின்

காலை ஐந்து நாற்பதுக்கு ஜீப் நின்றது. அதற்கு மேல் சாலை இல்லை.

வழிகாட்டி மாசானம் முதலில் இறங்கினார். நரிமுடிக் காட்டில் இருபது வருடமாகப் பறவை காட்டுகிறவர். தோளில் நைலான் கயிற்றுச் சுருள், முதுகில் பை, இடுப்பில் வெட்டுக்கத்தி, கையில் குடை. அடுத்து இறங்கியவர் ரெய்மண்ட் பர்னாந்து. தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்றாவது, மதுரைக்காரன் செழியன். அவன் கேமராவின் லென்ஸ் முழங்கை நீளம் இருந்தது. அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு இறங்கினான். கடைசியாக உலகம்மை. தென்காசி ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவள். வயது இருபத்தேழு.

“அட்டை நெறைய கெடக்கும்” என்றார் மாசானம். “புகையிலையும் உப்பும் இந்தத் துணியில இருக்கு. கால்ல தேச்சுக்கிடுங்க. பனி எறங்கிட்டுன்னா நின்ன எடத்துல நிக்கணும். ஒருத்தரும் ஓரடி நகரக் கூடாது. கேட்டியளா?”

“போன வருசமும் இதத்தான் சொன்னியளா அண்ணாச்சி?” என்று கேட்டாள் உலகம்மை.

மாசானம் அவளைப் பார்த்தார்.

“எல்லா வருசமும் இதத்தான் சொல்லுதேன், தாயி.”

நடக்கத் தொடங்கினார்கள்.

உலகம்மைக்குப் பறவைகளைத் தெரியாது. முந்தின நாள் மாலை, அடிவார விடுதியில் பட்டியல் வாசித்தபோது அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பறவை பார்க்கிறவர்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அன்றைய பறவைகளின் பெயர்களை ஒருவர் வாசிப்பார். பார்த்தவர்கள் கை தூக்குவார்கள். குரலை மட்டும் கேட்டிருந்தால் ‘கேட்டது’ என்று சொல்லித் தூக்குவார்கள். சந்தேகம் என்றால் தூக்கக் கூடாது. செழியன் நாற்பத்தொரு முறை கை தூக்கினான். உலகம்மை ஆறு முறை.

“ஏங்க, காக்காயவாவது சேத்தீங்களா?” என்றான் செழியன்.

“சேத்துட்டேன். அதோட சேத்துதான் ஆறு.”

ரெய்மண்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். “பொய் சொல்லாத பிள்ளை. இந்தக் கூட்டத்துல நீ ஒருத்திதான்.”

ஆனால் அவள் ஒன்றை மறைத்திருந்தாள். விடுதிப் பதிவேட்டில் தகப்பனார் பெயரைப் போடாமல் கணவர் பெயரைப் போட்டிருந்தாள். அவள் தகப்பனார் சங்கரலிங்கம், கணக்கு வாத்தியார். போன ஐப்பசியில் இதே மாசானத்தின் பின்னால் இதே காட்டுக்குள் நடந்து வந்தவர். பனி இறங்கியது. ஆளைக் காணவில்லை. நான்கு நாள் தேடினார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

அம்மா இன்னும் பொட்டு வைத்துக்கொள்கிறாள். ராத்திரி வாசல் கதவைத் தாழிட விடுவதில்லை.

உலகம்மையின் சட்டைப்பையில் ஒரு வரைபடம் இருந்தது. தேடுதல் அறிக்கையிலிருந்து அவளே நகல் எடுத்தது. தேடிய இடங்களுக்குப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். மலையுச்சிப் புல்வெளியான மேல்புல் முழுக்கக் கோடு. ஓடைக்கரை முழுக்கக் கோடு. நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஓர் இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அதன் பெயர் வவ்வால் பள்ளம்.

அந்த வெள்ளை இடத்தைப் பார்க்கத்தான் அவள் வந்திருந்தாள்.

*

ஏழு மணிக்கு ஓடையைக் கடந்தார்கள். தண்ணீர் முழங்கால் அளவு. மாசானம் அக்கரையில் மரத்தில் கயிற்றைக் கட்டினார். ரெய்மண்ட் முடிச்சைப் பார்த்து முகம் சுளித்தார்.

“இது கடல்ல நிக்காதுய்யா.”

“இது கடல் இல்லையே அண்ணாச்சி.”

“தண்ணி தண்ணிதான்.” அவிழ்த்து வேறு முடிச்சுப் போட்டார். எல்லோரும் கடந்ததும் மாசானம் கயிற்றைச் சுருட்டி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

அக்கரையில் ஈரக்காடு தொடங்கியது. வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. செழியனின் கழுத்திலிருந்து இரண்டு அட்டைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அவன் கவலைப்படவில்லை. அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். தீக்காக்கை. நெஞ்சு முழுக்க நெருப்பு நிறம். இருட்டுக் கிளையில் அசையாமல் உட்காரும் பறவை. மூன்று மலைகளில் மூன்று முறை தேடிக் கோட்டைவிட்டிருந்தான்.

“இன்னிக்கும் கெடைக்கலைன்னா உங்க பேர எல்லா குரூப்லயும் போட்டு நாறடிச்சிருவேண்ணே” என்றான்.

“கெடைக்கும். நீங்க இந்தப் பாறையில இருங்க. நான் முன்னால போயி பாத்துட்டு வாரேன்.”

மாசானம் ஈத்தை மூங்கில் புதருக்குள் நுழைந்தார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். கையில் ஒன்றுமில்லை. அரிக்காமலேயே காலைச் சொறிந்துகொண்டார்.

“சத்தம் போடாதீங்க. கேளுங்க.”

கேட்டது. கியூ. கியூ. கியூ. மெல்லிய, வட்டமான குரல். ஏழு முறை கூவி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏழு.

உலகம்மை எண்ணினாள். எண்ணுவது அப்பா கொடுத்த பழக்கம். மூன்றாவது தடவையில் அவளுக்கு வேறொன்றும் கேட்டது. ஐந்தாவது கூவலுக்குப் பின், மிகத் தொலைவில், ஒரு லாரி ஹாரன்.

அடுத்த தடவையும் ஐந்தாவது கூவலுக்குப் பின் ஹாரன்.

“அண்ணாச்சி, இங்கன பக்கத்துல ரோடு இருக்கா?”

“ரோடா? மூணு மைலுக்கு ஒண்ணுங் கெடையாது.”

“வந்துருச்சு!” செழியனின் குரல் கிசுகிசுப்பாகக் கிழிந்தது. ஒரு சிவப்பு, கிளையில் வந்து உட்கார்ந்தது. கோபத்தோடு தலையை இப்படியும் அப்படியும் திருப்பியது. தன் இடத்தில் இன்னொருவன் கூவுகிறான் என்று அது நினைத்தது. கேமரா படபடவென்று அடித்தது. இருநூறு படம் எடுத்தான் செழியன்.

ரெய்மண்ட் உலகம்மையின் காதருகே குனிந்தார்.

“நீ கேட்டது சரிதான் பிள்ளை. கூவுறது பறவை இல்ல. டப்பா.”

“என்ன டப்பா?”

“சின்ன ஸ்பீக்கர். எவனோ ரோட்டோரம் நின்னு பதிவு பண்ணின கூவல். அத மெமரி கார்டுல போட்டுப் புதருல கட்டி வச்சிட்டா, அது பாட்டுக்குக் கூவிட்டே கெடக்கும். நிசப் பறவை சண்டைக்கு வரும். காட்டுக்குள்ள அது கூடாது. பாரஸ்டுக்காரன் பாத்தா கைடு வேலையே போயிரும். எல்லாவனுக்கும் தெரியும். எவனும் சொல்ல மாட்டான்.”

“தெரியாமயா இருக்கேன்?” என்றான் செழியன், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல். “போட்டோல சத்தம் விழாதுல்ல.”

மாசானம் எழுந்தார். “குடைய விட்டுட்டு வந்துட்டேன். எடுத்துட்டு வாரேன்.”

அவர் புதருக்குள் போன சிறிது நேரத்தில் கூவல் பாதியில் நின்றது. மூன்றாவது கியூவுக்குப் பின் நான்காவது வரவில்லை. திரும்பி வரும்போது அவர் கையில் குடை இருந்தது. மற்ற கையில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்று. அதைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார்.

உலகம்மை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு ஐம்பது.

*

திரும்பும் வழியில் யானை நின்றது.

பாதையின் நடுவே, முப்பது அடி தூரத்தில். பக்கத்தில் குட்டி. காற்று இவர்களிடமிருந்து அதை நோக்கி அடித்தது. தும்பிக்கை மேலே எழுந்தது. காதுகள் விரிந்து அப்படியே நின்றன.

“ஓடாதீங்க” என்றார் மாசானம். “பின்னால வாங்க. மெல்ல. மெல்ல.”

செழியன் கேமராவைத் தூக்கினான். ஒரு சொடுக்குச் சத்தம்.

யானை வந்தது!

“இப்ப ஓடுங்க! கீழ் பக்கமா! நேரா ஓடாதீங்க, வளஞ்சு ஓடுங்க!”

ஈத்தைப் புதருக்குள் பாய்ந்தார்கள். முகத்தில் இலைகள் கீறின. பின்னால் மரங்கள் முறிந்தன. ரெய்மண்ட் விழுந்தார். உலகம்மை அவர் பெல்ட்டைப் பிடித்துத் தூக்கினாள். மாசானம் நின்றார், திரும்பினார், வெட்டுக்கத்தியால் பாறையில் அடித்துக் கத்தினார். யானையும் நின்றது. பிளிறியது. குட்டி கூப்பிட்டதும் திரும்பிப் போனது.

நால்வரும் மூச்சு வாங்கினார்கள். செழியன் லென்ஸை மூடினான்.

“தப்புதாண்ணே” என்றான்.

“தப்புன்னு உங்க பொண்டாட்டிகிட்ட நான்லா போயிச் சொல்லணும்” என்றார் மாசானம். அவர் முகம் வெளுத்திருந்தது. “இனி அந்தப் பாதையில போவ முடியாது. சாயங்காலம் வர அது நகராது.”

“வேற பாதை?” என்றார் ரெய்மண்ட்.

மாசானம் வெட்டுக்கத்தியை இடுப்பில் செருகினார்.

“வவ்வால் பள்ளத்து ஓரமா ஒண்ணு இருக்கு.”

உலகம்மை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தாள்.

*

பள்ளம் என்பது பெயர்தான். அது மலையில் விழுந்த வெட்டு. இருபதடி அகலம். எண்பதடி ஆழம். அடியில் கற்கள், நடுவில் ஒரு சிறு நீரோட்டம். எதிர்ச்சுவரில் வவ்வால்கள் கறுப்பாகத் தொங்கின.

மணி பதினொன்று. மேற்கே வானம் கறுத்திருந்தது.

“நிக்காம வாங்க. மேல மழ பேஞ்சா இதுல தண்ணி எறங்கும்” என்றார் மாசானம். அவர் பள்ளத்தின் பக்கம் பார்க்காமலே நடந்தார்.

உலகம்மை நின்றாள். “தம்பி, உங்க லென்ஸ்ல கீழ பாருங்க.”

“என்ன பறவை?”

“பறவை இல்ல. பாருங்க.”

செழியன் குப்புறப் படுத்து லென்ஸைக் கீழே நீட்டினான். வலமிருந்து இடமாக மெதுவாக நகர்த்தினான்.

“கல்லு. கல்லு. மரம் ஒண்ணு விழுந்து கெடக்கு. ஏய், எவனோ நீலத் தார்ப்பாய வீசியிருக்கான்யா. இல்ல, இல்ல. கை இருக்கு. மழைக்கோட்டு.”

“படம் எடுங்க. பெருசு பண்ணிக் காட்டுங்க.”

திரையில் நீலம் தெரிந்தது. முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுரம். மஞ்சள் ஒட்டு.

“எங்கம்மா தச்சது” என்றாள் உலகம்மை.

மூவரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவளே சொன்னாள். “எங்கப்பா பேரு சங்கரலிங்கம்.”

மாசானம் உட்கார்ந்துவிட்டார். நின்ற இடத்திலேயே, ஈர மண்ணில்.

“வாத்தியார் மவளா நீ?”

“ஆமா.”

“முதல்லயே சொல்லக் கூடாதா, தாயி?”

“சொல்லியிருந்தா இங்க கூட்டிட்டு வந்திருப்பியளா?”

அவர் வானத்தைப் பார்த்தார். “பாரஸ்டுக்குச் சொல்லுவோம். நாளைக்கு ஆளு, ஏணி எல்லாம் கொண்டாந்து எடுப்போம். இப்ப எறங்குனா சாவுதான்.”

“ராத்திரி தண்ணி வந்துச்சுன்னா நாளைக்கு அங்க என்ன இருக்கும்?”

உலகம்மை அவர் தோளிலிருந்து கயிற்றுச் சுருளை எடுத்தாள். ரெய்மண்ட் அதை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். நூறடி நைலான். இரண்டு மரங்களைத் தள்ளிப் பார்த்தார். மூன்றாவதில் கட்டினார். முடிச்சின் மேல் காலை வைத்துத் தன் எடை முழுவதையும் போட்டார்.

“நான் புடிச்சிக்கிறேன். தம்பி, அந்தப் பொம்மைய கழுத்துலருந்து கழட்டிட்டு வா. உன் ரெண்டு கையும் வேணும்.”

செழியன் கேமராவைக் கழற்றி ஈர இலைகளின் மேல் வைத்தான்.

“நான் முதல்ல எறங்குதேன்” என்றார் மாசானம். “கல்லு உருளும். எனக்கு மேல நிக்காத. நான் சொன்ன பொறவு வா.”

*

அவர் இறங்கினார். பத்தடி கீழே ஒரு திட்டு. அங்கே கால் ஊன்றி, மறுபடி இறங்கினார். வவ்வால்கள் கிளம்பின. பள்ளம் முழுக்க இறக்கைச் சத்தம்.

“வா தாயி!”

உலகம்மை விளிம்பைத் தாண்டினாள். பாறை வழுக்கியது. திட்டில் கால் பட்டதும் நின்று மூச்சு விட்டாள். முகத்துக்கு நேரே ஒரு வேர். வேரில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்று கட்டியிருந்தது. வெடித்து, நிறம் மங்கி, பாசி பிடித்திருந்தது.

அதைப் பார்த்தாள். பிறகு இறங்கினாள்.

அடியில் குளிர். மாசானம் விழுந்த மரத்தின் அருகே நின்றிருந்தார். அவர் கையில் ஓர் எவர்சில்வர் டிபன் டப்பா இருந்தது. அதை அவர் திறக்கவில்லை. அவளிடம் நீட்டினார்.

“இங்கனதான் இருக்காரு.”

நீல மழைக்கோட்டு மரத்துக்கும் பாறைக்கும் நடுவில், ஒரு வருட வெள்ளமும் இழுத்துப் போக முடியாதபடி, இறுகச் சிக்கியிருந்தது. உள்ளே எலும்புகள். ஒரு வருட மழையில் வெளுத்தவை. உலகம்மை தினமும் எலும்பு பார்க்கிறவள். மண்டியிட்டாள். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக ஒடிந்திருந்தது. அதன் இரண்டு பக்கமும் கேமரா முக்காலியின் கால்கள். சுற்றி மப்ளர். மூன்று இடத்தில் முடிச்சு.

யாராவது கட்டியிருக்க வேண்டும். அங்கே வேறு யாரும் இருந்ததில்லை.

“விழுந்ததும் சாகல” என்றாள். “கால் ஒடிஞ்சிருக்கு. கட்டுப் போட்டிருக்காரு.”

மாசானம் பாறையில் கையை ஊன்றிக்கொண்டார்.

டப்பாவைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறை. உள்ளே இன்னோர் உறை. அதற்குள் குறிப்பேடு, பென்சில். அப்பா காட்டில் பேனாவைத் தொட மாட்டார். மை அழியும் என்பார். காய்ந்த தாள், அப்பாவின் நேரான எழுத்து. கடைசிப் பக்கங்களைப் புரட்டி நின்றுகொண்டே படித்தாள்.

‘7.50. பனி. வழி தெரியவில்லை. நிற்கிறேன்.

8.10. தீக்காக்கை, கேட்டது. ஏழு கூவல். ஐந்தாவதுக்குப் பின் லாரி ஹாரன், கீழேயிருந்து. மூன்று முறை கேட்டேன். கீழே சாலை இருக்கிறது. இறங்குகிறேன்.

8.35. விழுந்தேன். இடது கால். சாலை இல்லை.’

மேலே ரெய்மண்ட் கத்தினார். “தண்ணி! தண்ணி வருது! ஏறுங்க!”

பள்ளத்தின் மேல்கோடியிலிருந்து ஓர் உறுமல். நீரோட்டம் பழுப்பாக மாறியது. கணுக்கால். அடுத்த மூச்சில் முழங்கால்.

“ஏறு தாயி!”

அவள் டப்பாவைச் சட்டைக்குள் திணித்தாள். மழைக்கோட்டின் நான்கு மூலைகளையும் சேர்த்துப் பிடித்தாள். எலும்புகள் உள்ளே சரிந்தன. மூட்டையாக இழுத்தாள். கோட்டின் ஒரு கை மரத்தில் மாட்டிக்கொண்டது.

“அத விட்டுரு!”

“எங்கப்பா!”

தண்ணீர் மோதியது. இடுப்பளவு. உலகம்மையின் கால்கள் தரையை விட்டு எழுந்தன. மாசானம் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தார். மறு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் மற்ற கை மழைக்கோட்டைப் பிடித்திருந்தது. மூவரும் ஒரே கோட்டில் நீண்டார்கள். கயிறு மாசானத்தின் உள்ளங்கையை அறுத்தது. ரத்தம் வழிந்து முழங்கைக்கு வந்தது. அவர் விடவில்லை.

துணி கிழிந்தது. மஞ்சள் ஒட்டு மட்டும் அவள் விரல்களில் நின்றது. நீலம் ஒருமுறை மேலே வந்தது. வளைவில் திரும்பியது. பிறகு இல்லை.

“இழுங்க! இழுங்கய்யா!” என்று கத்தினார் மாசானம். கயிற்றை அவள் இடுப்பில் சுற்றிக் கட்டினார். தோளைக் கொடுத்துத் தூக்கினார். மேலே இரண்டு பேர் ஒரே குரலில் ஏலேலோ போட்டு இழுத்தார்கள். அவள் பாறையில் மோதி, சுழன்று, மோதி, மேலே போனாள். கயிறு திரும்பி வரும் வரை மாசானம் வேர் ஒன்றைப் பற்றித் தொங்கினார். தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்திருந்தது.

*

மழை பிடித்துக்கொண்டது. நால்வரும் ஒரு பாறை மடிப்பின் அடியில் ஒடுங்கினார்கள். ரெய்மண்ட் தன் துண்டைக் கிழித்து மாசானத்தின் கையைச் சுற்றினார். எலும்பு தெரியும் அளவுக்கு அறுந்திருந்தது.

“அந்தப் புள்ள உசிரு உங்க கையிலதான் இருந்துச்சுய்யா” என்றார் ரெய்மண்ட்.

செழியன் கேமராவை இலைகளின் மேல் விட்டிருந்தான். அது நனைந்து கிடந்தது. அவன் போய் எடுக்கவில்லை.

உலகம்மை டப்பாவைத் திறந்தாள். குறிப்பேடு காய்ந்தே இருந்தது. விட்ட இடத்திலிருந்து படித்தாள். இந்த முறை உரக்கப் படித்தாள்.

“பதினொண்ணு. கூவல் இப்போது மேலிருந்து வருகிறது. அதே ஏழு. அதே ஹாரன். நாற்பது விநாடிக்கு ஒருமுறை. ஒருமுறையும் தவறவில்லை.

“ஒண்ணு பதினஞ்சு. காலைக் கட்டிவிட்டேன். இரண்டு இட்லி இருக்கிறது. ஆட்கள் கூப்பிடும் சத்தம் தொலைவில். மேல்புல் பக்கம். என் குரல் போகாது.

“நாலு நாப்பது. கூவல் நின்றது. இரண்டாவது கியூவில். மேலே யாரோ இருக்கிறார்கள். கல் ஒன்று உருண்டு வந்து விழுந்தது. மூன்று முறை கூப்பிட்டேன்.”

அவள் நிறுத்தினாள். பக்கத்தைத் திருப்பினாள்.

“ரெண்டாம் நாள். காய்ச்சல். தேடுகிறவர்கள் இன்றும் மேல்புல் பக்கமே. கேட்டவை: சின்னக் குக்குறுவான், மரகதப்புறா, மலை மைனா. நேற்றையது பறவை அல்ல. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.”

முந்தின பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். தீக்காக்கை என்ற சொல்லின் மேல் ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேரான கோடு.

மூன்றாம் நாள் என்று தலைப்பு மட்டும் இருந்தது. கீழே எழுத்து இல்லை.

செழியன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ரெய்மண்ட் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக மாசானத்தைப் பார்த்தார். அவர் கை இன்னும் மாசானத்தின் கையைப் பிடித்திருந்தது. அதை விட்டார்.

“போன வருசம் அந்தக் கூவுற டப்பாவ அந்தத் திட்டுலதான் கட்டினியளா?” என்றாள் உலகம்மை.

“ஆமா.” அவர் குரல் மழையில் பாதி கரைந்தது. “பள்ளத்துல எதிரொலிச்சு நல்லாக் கேக்கும். காலம்பற கட்டிட்டு ஆளுவளக் கூட்டிட்டு வரப் போனேன். அதுக்குள்ள பனி.”

“சாலைன்னு நெனச்சு எறங்கியிருக்காரு.”

“அது இன்னைக்கு வர எனக்குத் தெரியாது தாயி. எம் புள்ளைவ மேல சத்தியமாத் தெரியாது. அந்த ஹாரன நான் காதுல வாங்குனதே இல்ல.”

“மேல்புல்லுல தேடச் சொன்னது யாரு?”

“நாந்தான்.”

“பள்ளத்துல ஏன் தேடல?”

“தேட வந்தா டப்பா கண்ணுல படும். கைடு கார்டப் புடுங்கிருவாவ. எனக்கு வேற சோலி தெரியாது.” உள்ளங்கைக் கட்டு சிவப்பாகிக்கொண்டிருந்தது. “பாரஸ்டு ஆளுவ வந்து சேருததுக்கு முன்ன எடுத்துரணும்னு ஓடி வந்தேன். டியூப அவுக்க நேரமில்ல. டப்பாவ மட்டும் உருவிட்டு ஓடிட்டேன்.”

“நாலு நாப்பதுக்கு.”

“மணி பாக்கல.”

அவள் குறிப்பேட்டை மூடினாள். முதல் உறையில் போட்டாள். இரண்டாவது உறையில் போட்டாள். மஞ்சள் ஒட்டை மடித்து அதன் மேல் வைத்தாள். மூடியை அழுத்தினாள். டப்பா சிறியதாக ஒரு சத்தம் போட்டு மூடியது.

கீழே பள்ளத்தில் தண்ணீர் சுவரிலிருந்து சுவர் வரை போய்க்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி” என்றாள். “டப்பாவ உருவினப்போ, எங்கப்பா மூணு தடவ கூப்பிட்டாரே. உங்களுக்குக் கேட்டுச்சா?”